ஊருணிப் படிக்கட்டின் ஒலியை ஸ்ட்ரீமிங் பாட்டுக்குள் கொண்டுவருவது எப்படி?

வீட்டு அறையில், சுவரில் போர்வை கட்டி, விசிறியை நிறுத்திப் பதிந்த குரல் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அது எந்த இடத்திலும் நிற்காது. உடனே ரிவெர்ப் ப்ளகினை (எதிர்முழக்கம் சேர்க்கும் மென்பொருளை) திறந்து 'கதீட்ரல்' என்ற பொத்தானை அமுக்கினால், பாடியவர் கிணற்றுக்குள் விழுந்தது போல ஆகிவிடும். போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாட்டு வரியே புரியாது.

பழங்கால அரங்கங்களைக் கட்டியவர்களுக்கும் இதே சிக்கல்தான்: மைக் இல்லாமல், சொல் சிதையாமல், குரல் கடைசி வரிசை வரை போக வேண்டும். அவர்கள் கண்ட தீர்வை, கல்படியில் ஒரு சோதனை ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியை ஒரு வேவ் (ஒலிக்) கோப்பாகப் பிடித்து நம் பாட்டில் போட முடியும். கிரீசுக்குப் போக வேண்டியதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கல்படி கட்டிய ஊருணி (ஊர்ப் பொதுக் குளம்) இருக்கும் எந்த ஊரிலும் செய்யலாம். கடிதம் கொடுப்பதிலிருந்து பாட்டு வெளியாவது வரை எட்டு வாரம் ஒதுக்குங்கள். அதில் ஒலிப்பதிவு ஒரு காலைப்பொழுதுதான்.

1. எதைத் தேடுகிறோம் என்று முதலில் தெளிவாகுங்கள்

பழைய அரங்கம் என்றதும் நீண்ட முழக்கத்தை நினைக்காதீர்கள். திறந்தவெளி அரங்குக்குக் கூரை இல்லை; பெரும்பகுதி ஒலி வானத்துக்குப் போய்விடும். அங்கே கிடைப்பது குரலுக்குப் பின்னாலேயே ஒட்டி வரும் குட்டையான எதிரொலிகள். 50 மில்லி வினாடிக்குள் வருகிற எதிரொலியைக் காது தனியாகப் பிரிக்காது, குரலோடு சேர்த்துவிடும். குரல் கொஞ்சம் பெரிதாகவும் பக்கத்திலும் கேட்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாவது விஷயம் படிகள். கிரீசின் எபிடாரஸ் அரங்கம் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 55 வரிசை, சுமார் 14,000 பேர் உட்காரலாம். அதன் கல்வரிசைகளே ஒரு வடிகட்டி போல நடந்து 500 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள இரைச்சலை அடக்குகின்றன என்று அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த நிகோ டெக்ளெர்க்கும் சிண்டி டெகைசரும் 2007இல் காட்டினார்கள். கூட்டத்தின் முணுமுணுப்பும் காற்றின் உறுமலும் குறைகின்றன. குரலின் அடிச்சுருதியும் கூடவே குறைகிறது, ஆனால் அதற்கு மேலே எழும் உயர்சுருதி இழைகளைக் கொண்டு மூளை அதை நிரப்பிக்கொள்கிறது. கிசுகிசுத்தால் கடைசி வரிசையில் கேட்கும் என்பது மட்டும் சுற்றுலா வழிகாட்டிகள் வளர்த்த கதை. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2017இல் அளந்து பார்த்து அது நடக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

நம் பக்கத்து நூலும் இதையே பேசுகிறது. நாட்டிய சாஸ்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் 108, 64, 32 முழம் என்று மூன்று அளவு சொல்லி, நடுவிலுள்ள 64க்கு 32 முழக் கூடத்தையே பரிந்துரைக்கிறது. முழம் ஒன்றரை அடி என்றால் அது 96க்கு 48 அடி. அதைவிடப் பெரிதானால் பேச்சு 'விஸ்வரம்' ஆகிவிடும், அதாவது ஒலி கெட்டுவிடும் என்பது காரணம். சிறிய சன்னல், காற்றில்லாத, மலைக்குகை போன்ற அமைப்பு வேண்டும் என்றும் சொல்கிறது. இதை மறக்காதீர்கள், இடம் பார்க்கும்போது உதவும்.

ஒரு பொறி: சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், நான்கு கோல் இடைநிலம் (மேடைக்கும் மேல் உத்தரத்துக்கும் இடையே உள்ள உயரம்) என்ற அளவைப் பார்த்து அதே விகிதத்தில் பதிவு அறை கட்ட ஆசைப்படுபவர்கள் உண்டு. வேண்டாம். அது முன்பக்கம் திறந்த மேடைக்குச் சொன்னது. நான்கு பக்கமும் மூடிய அறையில் எட்டும் நான்கும் ஒன்றுக்கு இரண்டு மடங்கு. நீளத்தில் நிற்கும் அலையும் உயரத்தில் நிற்கும் அலையும் ஒரே இடத்தில் குவிந்து, குறிப்பிட்ட சில சுரங்கள் மட்டும் 'பூம்' என்று எழும்.

2. இடம் தேர்வு: கைதட்டிப் பாருங்கள்

முதல் தேர்வு கல்படி ஊருணி. இரண்டாவது ஓட்டுக்கூரைப் பள்ளிக்கூடக் கூடம். மூன்றாவது கல்தூண் மண்டபம்.

ஊருணியில் அடிப்படியில் நின்று, படிகளைப் பார்த்து, ஒரே ஒரு முறை பளீரென்று கைதட்டுங்கள். 'கீச்' என்று ஒரு பறவைச் சத்தம் போலத் திரும்பி வந்து, சுருதி கீழே வழுக்கினால் படிகள் ஒரே அளவில், சிதையாமல் இருக்கின்றன என்று பொருள். ஒவ்வொரு படியும் ஒலியை முந்தைய படியைவிடச் சற்றுத் தாமதமாகத் திருப்புகிறது. படியின் அகலம் 30 செ.மீ. என்றால் போக வர 60 செ.மீ.; 30 டிகிரி வெயிலில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் ஓடும்; ஆக 1.7 மில்லி வினாடிக்கு ஒரு துடிப்பு, ஏறக்குறைய 580 ஹெர்ட்ஸ். அந்தக் கீச்சின் கணக்கு இவ்வளவுதான். படி உடைந்து, சீமைக்கருவேலம் முளைத்துக் கிடந்தால் 'சொத்' என்று ஒரு மங்கலான சத்தம்தான் வரும். அடுத்த ஊரைப் பாருங்கள்.

கூடத்தில் கைதட்டும்போது 'டர்ர்ர்' என்று படபடத்தால் அது எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடுவது. டைல்ஸ் ஒட்டிய கல்யாண மண்டபங்கள் பெரும்பாலும் இந்தக் கதிதான். வாடகையும் அதிகம், ஒலியும் மோசம்.

ராமேஸ்வரம் மூன்றாம் பிராகாரம் எல்லோருக்கும் ஆசை காட்டும். திட்டத்தில் சேர்க்காதீர்கள். விடியும் முன்பே கூட்டம். கோயில்களுக்குள் கைப்பேசிக்கு உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தடை போட்டிருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டியோடு போய் நின்றால் வாசலிலேயே கதை முடிந்துவிடும். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயமும் படத்துக்கு அழகு, பதிவுக்கு ஆகாது. 1964 புயலுக்குப் பிறகு கூரை இல்லை, இரண்டு பக்கக் கடலிலிருந்தும் காற்று. பவளக்கல் சுவர் துளைத்துளையாக இருப்பதால் கருங்கல் அளவுக்கு ஒலியைத் திருப்பாது. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குள் வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்கவே கூடாது. 21 தீவுகளும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா.

ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. சுவர் முழுக்கப் பழைய ஓவியம். அங்கே பெரிய ஸ்பீக்கரில் அடி ஒலியை அதிர விடுவது சரியல்ல; அனுமதி கிடைத்தாலும் பலூன் வெடிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. அனுமதிக் கடிதங்கள்: மூன்று வாரம் முன்னால்

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலருக்கு நாள் வீணாகிறது.

ஊருணி: ஊராட்சி அலுவலகம். கோயில் குளமாக இருந்தால் அறநிலையத் துறையின் செயல் அலுவலர். இரண்டுமே 'அது எங்களுடையது இல்லை' என்று சொல்லும் குளங்களும் உண்டு. அப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பள்ளிக் கூடம்: தனியார் பள்ளி என்றால் தாளாளர். அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியர் மட்டும் போதாது, முதன்மைக் கல்வி அலுவலர் வரை கடிதம் போகும்.

கல்தூண் பள்ளிவாசல் என்றால் ஜமாஅத். தேவாலயம் என்றால் பங்குத்தந்தை. தொழுகை, பூசை நேரத்தைக் கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவதாகக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

காவல் நிலையம்: இதை விட்டுவிடாதீர்கள். சைன் ஸ்வீப் என்ற சோதனை ஒலி, தாழ்விலிருந்து உச்சத்துக்கு ஏறும் சங்கொலி மாதிரிதான் இருக்கும். கடற்கரை ஊரில் விடிகாலையில் பெட்டியும் வயரும் வைத்துக்கொண்டு சங்கு ஊதினால் கடலோரக் காவல் குழுமம் வந்து நிற்கும், அது அவர்கள் வேலை. உச்சிப்புளிப் பக்கம் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. அந்தச் சுற்றில் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கும் யோசனையைக் கைவிடுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பொருள்: 'ஊருணிப் படிக்கட்டில் ஒலி அளவீடு செய்ய அனுமதி கோருதல்'. உள்ளே: தேதி, காலை 6 முதல் 8 வரை (சாமான் கட்ட 5 முதல்), வருபவர் எண்ணிக்கை, சாமான் பட்டியல், 'படிகளில் ஆணி அடிக்கவோ, தண்ணீரில் இறங்கவோ மாட்டோம்', 'சோதனை ஒலி ஒரு தடவைக்கு 22 வினாடி, மொத்தம் 15 தடவைக்கு மேல் போகாது'. கூடவே ஆதார் நகல். 'பாட்டு ஷூட்டிங்' என்ற சொல்லை எழுதாதீர்கள். எழுதினால் படப்பிடிப்புக் கட்டணம் பற்றிய பேச்சு ஆரம்பிக்கும்; நீங்கள் செய்வது படப்பிடிப்பும் இல்லை. இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் முத்திரையும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. நாளும் நேரமும்

வருடத்தில் சரியான காலம் ஒன்று இருக்கிறது: ஏப்ரல் 15க்கும் மே நடுப்பகுதிக்கும் இடையே. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகு எஞ்சின் சத்தம் இருக்காது. ஊருணியில் தண்ணீர் வற்றிப் படிகள் முழுதாக வெளியே தெரியும். பள்ளிக்கும் விடுமுறை வந்துவிடும். மே கடைசியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழுந்துவிட்டால் செப்டம்பர் வரை திறந்தவெளிப் பதிவை மறந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஒரே தொல்லை, சித்திரைத் திருவிழாக்கள். பக்கத்து ஊரில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்களா என்று முதல் நாளே விசாரியுங்கள்.

நேரம் காலை 6 மணி. நாலு மணிக்கே போனால் இன்னும் அமைதி என்று தோன்றும். ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி போடக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஐந்து மணிக்குப் போய்க் கட்டி வையுங்கள், ஆறு அடித்ததும் தொடங்குங்கள். குடிதண்ணீர் ஊருணி என்றால் செருப்பைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். ஆறரைக்குக் குடத்தோடு ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு அந்தப் பத்து நிமிடம் காத்திருங்கள்.

காற்றைச் சோதிக்கக் கருவி வேண்டாம். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் படியில் வையுங்கள். புகை நேராக ஏறினால் பதியுங்கள். படுத்தால் நிறுத்துங்கள். ஏழரைக்கு மேல் பெரும்பாலும் படுத்துவிடும்.

5. சாமான்கள்

- இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்பேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி). புதிது எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள். ஒரு நாளுக்காக வாங்காதீர்கள், தெரிந்த பதிவுக்கூடத்தில் கேளுங்கள்.
- எல்லாத் திசையும் கேட்கும் அளவீட்டு மைக் ஒன்று. இதற்கு இன்டர்பேஸிலிருந்து கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் பேண்டம் மின்சாரம் தேவை.
- மைக்குக்கு ரோமக் காற்றுறை. கூட வரும் பஞ்சுத் தொப்பி கடற்கரைக்குப் போதாது.
- 12 அங்குலப் பவர் ஸ்பீக்கர் ஒன்று, மைக்செட் கடையில் நாள் வாடகைக்கு. 'பெட்டி வேணும், குழாய் வேண்டாம்' என்று அழுத்திச் சொல்லுங்கள். குழாய் ஸ்பீக்கரில் அடியும் இல்லை, உச்சியும் இல்லை.
- பேட்டரி, இன்வெர்ட்டர். ஜெனரேட்டர் கூடவே கூடாது.
- எட்டுக்கு நாலு அடி ப்ளைவுட் இரண்டு, 12 அங்குல பலூன் ஒரு பாக்கெட், அளவு நாடா, சாக்பீஸ்.

மென்பொருளுக்குப் பணம் வேண்டாம். ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் இலவசம், ஒலிக் கோப்பை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி இலவசம். பாட்டைக் கலக்கும் ரீப்பர் 60 நாள் சோதனைக்குக் கிடைக்கும், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். அதற்குள்ளேயே ரியாவெர்ப் என்ற கன்வல்யூஷன் ரிவெர்ப் இருக்கிறது; ஓர் இடத்தில் பிடித்த எதிரொலிக் கோப்பைக் குரலில் ஏற்றுவது அதுதான்.

ஏ.சி. அறையில் இருந்த மைக்கைக் கடற்கரைக் காற்றில் உடனே திறந்தால் உள்ளே ஈரம் பூத்து 'பட் பட்' என்று வெடிக்கும். பெட்டியை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். திரும்பி வந்ததும் உப்பைத் துடைத்து, சிலிக்கா பொட்டலத்தோடு மூடுங்கள்.

6. பதிவு: ஸ்பீக்கர் கீழே, மைக் படியில்

பலர் தவறுவது இங்கேதான். கீச்சொலி அழகாக இருக்கிறதே என்று மைக்கையும் ஸ்பீக்கர் பக்கத்திலேயே அடியில் வைத்துவிடுவார்கள். அப்படிப் பிடித்த ஒலியைக் குரலில் போட்டால் குரல் தகரக் குழாய்க்குள் போய்விடும். அரங்கில் நடிகர்தான் கீழே நின்றார், கேட்டவர் படியில் உட்கார்ந்தார். நீங்களும் அப்படியே வையுங்கள்.

ஸ்பீக்கர் அடித்தளத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில். மைக் 8 மீட்டர் தள்ளி, மொத்தப் படிகளில் மூன்றில் ஒரு பங்கு ஏறி, படியிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில்; உட்கார்ந்தவர் காது அங்கேதான் இருக்கும். நட்டநடுக் கோட்டில் வைக்காமல் ஒரு மீட்டர் விலக்குங்கள். நடுவில் இரண்டு பக்கக் கரையின் எதிரொலியும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றின்மேல் ஒன்று விழும்.

தரை காய்ந்து இறுகிய களிமண்ணாக இருந்தால் அப்படியே விடலாம். பொதபொதவென்ற வண்டலாக இருந்தால் ஸ்பீக்கருக்கு முன்னால் ப்ளைவுட்டைப் படுக்கப் போடுங்கள். தரையிலிருந்து வரும் முதல் எதிரொலிதான் குரலுக்குக் கனம் கொடுக்கும். தண்ணீர் இன்னும் கிடக்கிறது என்றால் வருத்தம் வேண்டாம், அசையாத தண்ணீர் கல்லைப் போல ஒலியைத் திருப்பும். ஸ்பீக்கரை எதிர்க்கரையின் கடைசிக் காய்ந்த படியில் வையுங்கள்.

வயர் இணைப்பு: இன்டர்பேஸின் முதல் வெளியீடு ஸ்பீக்கருக்கு, இரண்டாவது வெளியீடு ஒரு சிறு கேபிளில் திரும்பி இரண்டாம் உள்ளீட்டுக்கு. மைக் முதல் உள்ளீட்டில். இந்தத் திருப்புக் கேபிள்தான் நேரக் கணக்குக்கு ஆதாரம். போனில் ஸ்வீப்பை ஓடவிட்டு வேறொரு ரெக்கார்டரில் பதிந்தால், இரண்டு கருவிகளின் கடிகாரமும் மயிரிழை பிசகி உச்ச ஒலி கலங்கிப்போகும்.

ரூம் ஈக்யூ விசார்டில் 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்வீப் நீளம் '1எம்' என்று வையுங்கள், அது 21.8 வினாடி. 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20 கிலோஹெர்ட்ஸில் முடியட்டும். ஏஞ்சலோ ஃபரினா 2000இல் வெளியிட்ட இந்த முறையின் லாபம் இரண்டு: ஸ்பீக்கரின் கோளாறு ஒலி தனியே பிரிந்துவிடும், ஸ்வீப் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் சுற்றுச் சத்தம் 3 டெசிபல் தணியும். பதியும் அளவின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையே நிற்க வேண்டும். இன்டர்பேஸிலோ மைக்கிலோ அடி ஒலியை வெட்டும் லோ-கட், உச்சத்தை அடக்கும் லிமிட்டர், ஒலி ஏற்றத்தைத் தானே மாற்றும் ஆட்டோ கெயின் எதுவும் இயங்கக் கூடாது.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை. சீரான இரைச்சலை ஸ்வீப் தாங்கிக்கொள்ளும். திடீர்ச் சத்தத்தைத் தாங்காது. நடுவில் ஒரு மயில் அகவினால் அது முடிவில் ஒரு விசித்திரமான வழுக்கல் ஒலியாக வந்து நிற்கும். அந்த முறையை அழித்துவிட்டுத் திரும்ப எடுங்கள். இந்தப் பக்கம் மயிலுக்குக் குறைவில்லை, பொறுமை வேண்டும்.

ஸ்டீரியோவுக்கு இரண்டு மைக் தேவையில்லை. இடது இடத்தில் எடுத்துவிட்டு, சாக்பீஸால் குறித்து 17 செ.மீ. வலப்பக்கம் நகர்த்தி மறுபடி எடுங்கள். இடையில் மைக் கெயினைத் தொடாதீர்கள். பிறகு மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இதே வேலை.

கடைசியாக நாலு பலூன் வெடியுங்கள். ஸ்வீப் எல்லாம் கெட்டுப்போனாலும் பிழைத்துக்கொள்ள அது போதும். அடி ஒலி இருக்காது, ஒரு பலூன் போல இன்னொன்று வெடிக்காது, ஆனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம்.

7. கணினியில் கோப்பைச் செதுக்குதல்

வீட்டுக்கு வருவதற்கு முன், ஊருணிக் கரையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பதிந்த ஸ்வீப்பை ரூம் ஈக்யூ விசார்ட், ஒரே ஒரு கைதட்டலுக்கு அந்த இடம் தரும் எதிரொலி போன்ற வரைபடமாக மாற்றித் தரும். அதில் முதல் முள் எங்கே இருக்கிறது? 8 மீட்டர் தூரம் என்றால் 23 மில்லி வினாடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சுழியத்திலோ 60இலோ இருந்தால் திருப்புக் கேபிள் சரியாக எடுக்கப்படவில்லை. அங்கேயே சரிசெய்யுங்கள்.

வீட்டில்:

இடது, வலது இரண்டையும் வேவ் கோப்பாக வெளியே எடுங்கள். 'நார்மலைஸ்' கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு இழுக்கப்பட்டு, இடத்தின் சாயல் போய்விடும். ஆடாசிட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஸ்டீரியோவாக இணையுங்கள்.

முதல் முள்ளையும் அதற்குப் பின்னால் 2 மில்லி வினாடியையும் வெட்டுங்கள். அது ஸ்பீக்கரிலிருந்து நேரே வந்த ஒலி. உங்கள் பாட்டில் நேர்க்குரல் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு நேர்க்குரல் சேர்ந்தால் மூக்கடைத்த மாதிரி ஆகும்.

எதிரொலியின் வால் எங்கே இரைச்சலுக்குள் மூழ்குகிறதோ அங்கே மெதுவாக மங்கவிட்டு வெட்டுங்கள். ஊருணிக்கு அரை வினாடிக்கு மேல் வைத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. வெட்டாமல் விட்டால் பாட்டு முழுக்கப் பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு மழை பெய்துகொண்டே இருக்கும்.

இந்த வேலைக்கெல்லாம் நேரமில்லை என்பவர்களுக்கு, யார்க் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஏர் தொகுப்பில் பல பழைய கட்டடங்களின் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிமம் வேறு. வணிகப் பயன்பாடு கூடாது என்று இருப்பதைப் பாட்டில் போட்டு விற்காதீர்கள்.

8. கலவை: படி ஒரு தடம், கூடம் ஒரு தடம்

ரீப்பரில் இரண்டு தடங்கள் திறங்கள். ஒன்றுக்குப் 'படி' என்று பெயர் வையுங்கள்: ஊருணிக் கோப்பின் முதல் 80 மில்லி வினாடி. இன்னொன்று 'கூடம்': இதே முறையில் பள்ளிக் கூடத்திலோ மண்டபத்திலோ பிடித்த எதிரொலியின் வால். இரண்டிலும் ரியாவெர்ப் முழுக்க நனைந்த நிலையில், நேர் ஒலி சுழியத்தில். குரலிலிருந்து இரண்டுக்கும் அனுப்புங்கள்.

படித் தடம் நேர்க்குரலைவிட 12 முதல் 15 டெசிபல் கீழே. கூடம் 20 முதல் 24 கீழே. தொடக்கத்துக்கு இது போதும். சரியான அளவு எது என்று தெரிந்துகொள்ள, படித் தடத்தை அணைத்துப் பாருங்கள்: குரல் சுருங்கினால் சரி. இருக்கும்போதே 'எதிரொலி கேட்கிறதே' என்று தோன்றினால் அதிகம்.

இரண்டு தடத்திலும் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயிக்கு) 12 டெசிபல் சரிவில். எபிடாரஸ் கல்வரிசை செய்கிற வேலையை இந்த ஒரு வடிகட்டி செய்கிறது. வெட்டு எதிரொலியில் மட்டும்தான், நேர்க்குரலில் கை வைக்காதீர்கள். ஐந்து கட்டையில் பாடுபவரின் சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அதை நேர்க்குரல் சுமக்கட்டும். தவில், பறை, உடுக்கைக்கு 'கூடம்' தடமே வேண்டாம். படித் தடத்தில் கொஞ்சம் போதும், இல்லாவிட்டால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஆசையிருந்தால் ஒரு மசாலா. ரோமானியக் கட்டடக்காரர் விட்ருவியஸ், அரங்க இருக்கைகளுக்கு அடியில் நாலாம், ஐந்தாம், எட்டாம் சுரங்களுக்குச் சுருதி கூட்டிய வெண்கலக் குடங்களை வைக்கச் சொன்னார். அதையே ஈக்யூவில் (குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் ஏற்றி இறக்கும் கருவியில்) செய்யலாம்: ஐந்து கட்டை என்றால் 784, 1046, 1175, 1568 ஹெர்ட்ஸில், படித் தடத்தில் மட்டும், ஒவ்வொன்றும் 2 டெசிபல் ஏற்றி, க்யூ (எவ்வளவு குறுகலாக ஏற்றுவது என்ற அளவு) 8. ச, ம, ப, மேல் ச. மோகனத்தில் பாடினால் ம இல்லை, அந்தக் குடத்தை எடுத்துவிடுங்கள். பிரதி மத்தியம ராகத்துக்கும் அப்படியே. இல்லாவிட்டால் ராகத்தோடு மோதும் ஒரு சுரம் பின்னால் முனகிக்கொண்டே இருக்கும். 2 டெசிபலைத் தாண்டாதீர்கள்.

9. போனில் கேட்பவருக்காகச் சோதனை

மோனோவுக்கு மாற்றிக் கேளுங்கள். குரல் மெலிந்தால் படித் தடத்தின் ஸ்டீரியோ அகலத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

128 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்று எடுத்துக் கேளுங்கள். சுருக்கும்போது முதலில் அடிபடுவது எதிர்முழக்கத்தின் வால்தான். தண்ணீருக்குள் கொப்பளிக்கிற மாதிரி கேட்கும். கேட்டால் கூடத் தடத்தில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுங்கள், வாலையும் குறையுங்கள். ஓடுகிற பேருந்தில், போனின் சொந்த ஸ்பீக்கரில் வரி புரிகிறதா என்பது இறுதித் தேர்வு.

ஒலி அளவு: ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்தும், ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16. அதைவிடச் சத்தமாக நசுக்கினால் அவர்கள் திரும்ப இறக்கிவிடுவார்கள், நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த படிக்கட்டு மட்டும் நசுங்கிக் கிடக்கும். உண்மை உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 24 பிட் வேவ், 44.1 கிலோஹெர்ட்ஸாக வெளியே எடுங்கள்.

10. ஏற்றுதல்: ஆவணம், வரி, காலக்கெடு

பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனங்கள் இரண்டு வகை. வருடச் சந்தா வாங்கிக்கொண்டு வருமானத்தை முழுதாகத் தருபவை. இலவசமாக ஏற்றி வருமானத்தில் பங்கு எடுப்பவை. ஒரே பாட்டு என்றால் இரண்டாவது வகை போதும். சந்தாவை நிறுத்தினால் பாட்டு இறக்கப்படுமா என்று விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பான் எண், வங்கிக் கணக்கு, 3000க்கு 3000 பிக்சல் அட்டைப் படம், ஊராட்சிக் கடிதத்தின் நகல். ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணுக்கு (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்) தனியாகப் பணம் கட்டாதீர்கள், விநியோகஸ்தரே தருவார். வரிக்காக டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவம் கேட்பார்கள். அதில் இந்தியா என்று குறித்து, பான் எண் கொடுத்து, இந்திய–அமெரிக்க ஒப்பந்தச் சலுகையைக் கோருங்கள். கோரினால் அமெரிக்கப் பகுதி ராயல்டிக்கு 15 சதவீதம் பிடிப்பார்கள், கோராவிட்டால் 30. பெயர் பான் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். முதலெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்ற குழப்பத்திலேயே பல படிவங்கள் திரும்பி வருகின்றன.

வெளியீட்டுத் தேதிக்கு நாலு வாரம் முன்னால் ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை பட்டியல் ஆசிரியர்களுக்கு அனுப்ப, தேதிக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் பாட்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று தேர்ந்தெடுங்கள். பலர் ஆங்கிலம் என்றே விட்டுவிடுகிறார்கள்.

பாட்டின் பெயரில் கோயில் பெயரையோ ஊர்ப் பெயரையோ சேர்ப்பதாக இருந்தால் அதையும் அனுமதிக் கடிதத்திலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பாடியது அம்பாப் பாட்டு (மீனவர் பாடும் தொழில் பாட்டு) போன்ற பரம்பரைப் பாட்டு என்றால் இயற்றியவர் இடத்தில் உங்கள் பெயரைப் போடாமல் 'மரபுப் பாடல்' என்று குறிப்பிடுங்கள். கன்டென்ட் ஐடி (யூடியூபில் உரிமையைத் தானாகத் தேடிக் கோரும் முறை) கட்டத்தையும் டிக் செய்யாதீர்கள். செய்தால் அதே மெட்டைப் பாடிப் போட்ட பக்கத்து ஊர்க்காரரின் வீடியோ மேல் உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை விழும். அதை எடுக்க அவர் உங்களைத்தான் தேடி வருவார்.